வெம்மையும் சுருதியும்

விசைப்பலகை கொண்ட இசைக்கருவிகளுக்கும் வெப்பத்துக்கும் உள்ள பகை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆலயங்களிலுள்ள குழாய் ஆர்கனைச் செப்பனிடுவோர் இதை நன்கறிவர். காற்று சூடேறினால் அதில் ஒலியின் வேகம் கூடுகிறது. குழாய்களின் சுருதியும் உயர்கிறது. உலோக நாக்குப் பொருத்திய குழாய்களோ அவ்வளவாக அசைவதில்லை. ஆகவே, குளிர்ந்த காலையில் இசைந்து ஒலித்த இரு வரிசைகள் மக்கள் நிறைந்த மாலையில் பிணங்கி நிற்கும். ஆயினும் ஆர்கன் இடம்பெயராதது. தன் ஆலயத்தின் வெப்பத்தை மட்டும் தாங்கினால் அதற்குப் போதும். அதன் பின் வந்த மின்னிசைக் கருவிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964-இல் உருவாக்கிய சிந்தசைசர் முதலில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குரியதாகவே இருந்தது. 1970 முதல் ஆங்கிலக் கலைஞர் கீத் எமர்சன் அதை மேடைகளுக்குக் கொண்டு சென்றார். அங்கே விளக்குகளின் அனல் காத்திருந்தது. இக்கருவியில் மின்னழுத்தம் 1 வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயர வேண்டும். அந்தக் கணக்கை நடத்துபவை டிரான்சிஸ்டர்கள். அவையோ சூட்டுக்குச் சூடு தம் போக்கை மாற்றுபவை. ஈடுசெய்யும் ஏற்பாடு இல்லையெனில், வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறும்போது ஒரு ஸ்தாயியின் அகலம் ஏறத்தாழ 3 விழுக்காடு சுருங்கிவிடும். செவிக்கு அது சிறு பிழையன்று. அரைச்சுரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு.

இசைஞர் முதலில் பொறுமையையே மருந்தாகக் கொண்டனர். நிகழ்ச்சிக்கு நெடுநேரம் முன்னரே கருவியை இயக்கி, அதன் உட்சூடு நிலைபெறும்வரை காத்திருந்தனர். பாட்டுக்குப் பாட்டு சுருதி திருத்தினர். 1970-இல் உருவான மினிமூக்கில், ஒப்புநோக்கிச் சரிசெய்வதற்கென்றே 440 ஹெர்ட்ஸ் ஒலி தரும் விசையொன்று அமைக்கப்பட்டிருந்தது.

பொறியாளர் இரு வழிகள் கண்டனர். சூட்டுக்கேற்ப அதே விகிதத்தில் மாறும் மின்தடையைச் சேர்த்துப் பிழையைப் பிழையால் ஈடுசெய்வது ஒன்று. மற்றது வியப்புக்குரியது: டிரான்சிஸ்டர் இணையைத் தாமே சூடேற்றி, சுற்றுப்புறத்தைவிட உயர்ந்த, மாறாத வெப்பநிலையில் வைத்துக் காப்பது. வெளியே அனல் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே மாற்றமில்லை.

1978-இல் டேவ் ஸ்மித்தின் நிறுவனம் வெளியிட்ட புராஃபெட்-5 கருவியில் ஒலி எழுப்பும் அலையியற்றிகள் 10 இருந்தன. மேடையில் நின்று பத்தையும் கையால் திருத்துவது இயலாத காரியம். எனவே, விசையொன்றை அழுத்தியதும் உள்ளிருக்கும் நுண்செயலி ஒவ்வொன்றையும் அளந்து திருத்தியது. 1983-இல் யமாஹா டிஎக்ஸ்7 வந்தபோது ஒலியே எண்களால் ஆயிற்று. படிகத்தின் துடிப்பு அதற்கு அளவுகோல். வெப்பத்தால் அது மாறுவது செவிக்கு எட்டாத அளவே.

பகை அத்துடன் ஓய்ந்ததா? இல்லை, இடம் மாறியது. இன்றைய கருவி சுருதி பிறழ்வதில்லை. ஆனால் நடுவிலே நின்றுவிடக்கூடும். மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகள் அனலில் விரைந்து முதுமை அடைகின்றன. நேர் வெயிலில் படிகத்திரை கருத்துப்போகிறது. ஆதலால் நிழல் தேடி வைத்தல், காற்றுத் துளைகளை அடைக்காதிருத்தல், வாசிக்காத வேளையில் வெளிர்நிறத் துணியால் மூடி, வெயில் படாமல் காத்தல், இயன்றால் மாற்றுக் கருவியொன்றை அருகில் வைத்தல் ஆகிய எளிய ஒழுங்குகள் இன்றும் தேவைப்படுகின்றன.

கோடைத் திருவிழாவில் தகரக் கூரையின் கீழ் கீபோர்டு வாசிக்கும் இளைஞரும் இவ்வரலாற்றின் வழித்தோன்றலே. பாடகர் குழு முழுவதும் அவர் தரும் சுருதியை நம்பியே வாய் திறக்கிறது. வெப்பம் வராது என்று எண்ணியவர் எவரும் அந்த நம்பிக்கையைக் காத்ததில்லை. வரும் என்று அறிந்து, முன்னதாக வந்து, செவி கொடுத்துத் திருத்தியவரே காத்தனர்.