சான்றின் சுமை: அங்கவீனமுற்ற போர்வீரரும் மேன்முறையீடும்

கம்பளையிலிருந்து கண்டிக்குச் செல்லும் வழியிற் பேராதனைப் பூங்கா உளது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஆம் ஆண்டில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் ஆண்டு அமைந்தது. பர்மாப் போர்முனைக்குரிய திட்டங்கள் அங்கு வகுக்கப்பட்டன. அத்தகைய போர்முனைகளில் உடல்நலம் இழந்து மீண்டோர், பின்னர் அரசிடம் நீதி கேட்ட வரலாறும் அறியத்தக்கதே.

போரின் தொடக்கத்தில், நோயுற்ற பிரித்தானிய வீரன் தன் நோய் படைச்சேவையால் விளைந்ததெனத் தானே நிறுவவேண்டியிருந்தது. மருத்துவப் பதிவேடுகளோ அரசின் கையில் இருந்தன. அமைச்சு மறுத்துவிடின் அவன் யாரிடம் முறையிடுவான்? இக்குறையை நீக்கவே 1943 ஆம் ஆண்டில் உபகாரச்சம்பள மேன்முறையீட்டு நியாயசபைச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டின் அரசாணையும், நியாயமான ஐயம் எழுமிடத்து அதன் பயன் வீரனுக்கே உரியதென வகுத்தது. சான்று காட்டும் சுமை அரசினதே என்பதை நீதிபதி டெனிங் 1946, 1947 ஆம் ஆண்டுகளில் வழங்கிய தீர்ப்புகள் தெளிவாக்கின.

இந்நெறி இந்தியாவின் 1982 ஆம் ஆண்டு விதிகளிலும் இடம்பெற்றது. எனினும், விதி ஏட்டில் இருத்தல் வேறு. எளியவனுக்குப் பயன்படுதல் வேறு. 1985 ஆம் ஆண்டிற் சமிக்ஞைப் படையிற் சேர்ந்த வீரரொருவர், வலிப்பு நோயால் 20 சதவீத அங்கவீனமுற்றாரென 1994 ஆம் ஆண்டில் விலக்கப்பட்டார். நோய் சேவையோடு தொடர்பற்றது என்று மருத்துவக் குழு கூறியது. காரணம் யாதும் காட்டவில்லை. உயர்நீதிமன்றத் தனி நீதிபதி அவர்பாற் தீர்ப்பளித்தார். மேல் அமர்வு அதனை மாற்றியது. ஈற்றில் 2013 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவருடைய உரிமையை நிலைநாட்டியது. சேரும்போது நோய்க்குறிப்பு எதுவும் இன்மையால் அவர் நலமுடனிருந்தார் எனவே கொள்ளவேண்டும். மறுப்போர் காரணம் காட்டவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். மூன்று திங்களுக்குள் தொகையைச் செலுத்தவும் பணித்தது.

விலக்கப்பட்ட நாளிலிருந்து இத்தீர்ப்புவரை பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. விதிகள் 2008, 2023 ஆம் ஆண்டுகளில் மீண்டும் திருத்தி வகுக்கப்பட்டன. விதி எதுவாயினும், ஏடுகளைத் தன்பால் வைத்திருக்கும் அரசு, அவை இல்லாதவனிடம் சான்று கேட்டுக் காலங்கடத்துதல் முறையன்று. வாழ்வின் பெரும்பகுதி கழிந்தபின் கிடைக்கும் உதவி, நலிந்த உடலுக்குரிய உதவியாகாது. ஆதலின், மேன்முறையீட்டுரிமையோடு விரைவான முடிவும் சேர்ந்தாலன்றி நீதி நிறைவு பெறாது.