புண் ஆற்றிய மாவுக்கட்டு

முத்தியால்பேட்டையில் என் பெரியம்மாவுக்கு உள்ளங்காலில் புண் வந்தது அவருக்கே தெரியாது. மொசைக் தரையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் பதிந்திருப்பதைப் பார்த்து நாங்கள்தான் சொன்னோம். இருபது வருஷத்துச் சர்க்கரை, பாதம் மரத்துப் போயிருந்தது. களிம்பு தடவித் தடவிக் கட்டியும் ஆறவில்லை. கடைசியில் டாக்டர் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டுவிட்டார். எலும்பு முறியாத காலுக்கு எதற்கு மாவுக்கட்டு என்று தெருவே கேட்டது.

அந்தக் கட்டு நம் பக்கத்தில் பிறந்தது, தொழுநோயாளிகளுக்காக. 1930களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவர், மரத்த காலின் புண்ணுக்கு மேலேயே மாவுக்கட்டு போட்டு நோயாளியை நடக்க விட்டார். அதை வேலூரில் கையில் எடுத்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர், 1946இல் அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் சதையை அழுக வைக்கிறது என்றே அன்று நம்பினார்கள். வலி தெரியாமல் அதே இடத்தை மிதித்து மிதித்துத்தான் புண் ஆழமாகிறது என்று அவர் காட்டினார்.

நமக்கு முள் குத்தினால் நொண்டுகிறோம். அந்த நொண்டல்தான் புண்ணை ஆறவிடுகிறது. மரத்த கால் நொண்டாது. பாதத்தின் மேடு பள்ளத்தோடு ஒட்டிக் கிடக்கும் மாவுக்கட்டு, புண்ணின் மேல் விழும் பாரத்தை உள்ளங்கால் முழுக்க, கெண்டைக்கால் வரை பரப்பிவிடுகிறது. சீழ் பிடித்த புண்ணுக்கும் ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கும் இதைப் போடக் கூடாது.

1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட் இந்த வைத்தியத்தையும் கொண்டு போனார். சர்க்கரைக்காரர்களின் கால்களுக்கு இது பரவியது அதன் பிறகுதான். ஊருக்கு வெளியே நாம் ஒதுக்கி வைத்தவர்களின் கால்கள் கற்றுத் தந்த வைத்தியம் என் பெரியம்மாவின் காலைக் காப்பாற்றியது. இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

வாரம் ஒருமுறை கட்டைப் பிரித்துப் பார்த்துப் புதிதாகப் போட்டார்கள். எட்டாவது வாரம் புண் மூடிவிட்டது. ஆனால் உள்ளங்கால் தழும்பு பழைய தோல் போலத் தாங்காது, அழுத்தம் பட்டால் மறுபடி விண்டுகொள்ளும். அதனால் எம்.சி.ஆர். செருப்பு கொடுத்தார்கள். மெத்தென்ற அந்த ரப்பர்ச் செருப்பும் தொழுநோயாளிகளின் கால் கண்ட செருப்புதான். பெரியம்மா அதை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. ராத்திரி படுக்கும் முன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, பாதத்தை அதன் மேல் தூக்கிப் பிடித்து, தழும்பைப் பார்த்துக்கொள்கிறார்.