முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்

வடக்கில் முதியோர் இல்லங்களுக்குச் செய்திக்காகப் போய்வரும் எனக்கு, அங்கே இருப்பவர்கள் எல்லோரையும் 'பிள்ளைகள் கைவிட்டவர்கள்' என்று எழுதுவதில் உடன்பாடில்லை. சிலர் அப்படித்தான். வேறு பலருக்குக் கைவிடுவதற்கே பிள்ளைகள் அருகில் இல்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணிக்கக் கூடாது என்கிறது. தன்னைப் பராமரிக்க வழியில்லாத, 60 வயதைக் கடந்த ஒருவர், பிள்ளைகளிடமிருந்து மாதாந்தப் பணம் பெற்றுத்தருமாறு பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகள் இல்லாத அல்லது கைவிடப்பட்ட வறிய முதியோருக்குத் தங்குமிடம் கொடுப்பது அரசின் பொறுப்பு. கைதடியில் உள்ளதைப் போன்ற அரச இல்லங்கள் இங்கேதான் வருகின்றன.

ஆனால் 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் ஒப்படைத்த தாய் இதில் எந்த வகை? அவருக்குப் பிள்ளை இல்லை என்று எழுத முடியாது. பிள்ளைமீது முறையிடவும் முடியாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரம் போராட்டம் தொடங்கியபோது வந்திருந்த தாய் தந்தையரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். இருப்பவர்களுக்கு முதுமை ஏறிவிட்டது. ஆகவே பிள்ளைகள் எத்தனை பேர் என்று இல்லத்தில் கேட்டால், அந்த அம்மா சொல்லும் எண்ணை அப்படியே எழுத வேண்டும். திருத்தக் கூடாது. கட்டில் தலைமாட்டில் மகனின் படம் வைக்க இடம் இருக்க வேண்டும். மே 18 அன்று விளக்கேற்ற வேண்டும் என்றால் அதற்கும் வழிவிட வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகள் பிறந்தநாள், திருமணநாள், திவசம் என்று ஒருநேரச் சாப்பாட்டுக்குக் காசு அனுப்புகிறார்கள். தனியார் இல்லங்களுக்கு இது பெரிய உதவி. குறை சொல்ல மனமில்லை. ஆனால் சாப்பாட்டோடு கமராவும் வருகிறது. முன்பின் தெரியாத குழந்தையின் பதாகைக்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக இருத்தி, சோறு ஆறும்வரை படம் எடுத்து, மாலைக்குள் முகநூலில் போட்டுவிடுகிறார்கள். தோட்டம் செய்து பத்துப் பேருக்குச் சோறு போட்ட மனிசன் இல்லத்தில் இருக்கிறார் என்பதை ஊர்ச்சனம் அந்தப் படத்தில்தான் அறிகிறது. கணக்குக் காட்டப் படம் வேண்டுமென்றால் சமையலறையை எடுக்கலாம், பற்றுச்சீட்டை எடுக்கலாம். முகத்தை எடுப்பதென்றால் அவரைக் கேட்க வேண்டும். மறதி நோய் உள்ளவரை எடுக்காமல் விடுவதே முறை.

இல்லம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பதிவைக் கேளுங்கள். முதியோரைத் தங்கவைக்கும் நிறுவனங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பிறகு கழிப்பறைக்குப் போங்கள். பிடித்து எழும்பக் கைபிடி உண்டா, தரை வழுக்குகிறதா, இரவில் வெளிச்சம் இருக்கிறதா, கதவு உள்ளே பூட்டுமா? படுக்கையில் இருக்கும் பெண்களைக் குளிப்பாட்டுவது யார்? பூட்டித் திறப்பை அவரே வைத்திருக்கும் ஒரு பெட்டி கிடைக்குமா? முதியோர் கொடுப்பனவு வந்தால் வங்கிப் புத்தகம் யார் கையில் இருக்கும்? பட்டாசுச் சத்தத்துக்கோ விமானச் சத்தத்துக்கோ இரவில் திடுக்கிட்டு எழும்புபவரை அதட்டிப் படுக்கவைக்கிறார்களா, பக்கத்தில் இருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். ஷெல் அடிக்குள் பதுங்குகுழியில் கிடந்த உடம்பு அது.

கேட்கத் தயங்கும் விடயம் ஒன்றும் உண்டு. செத்தால் யார் கொள்ளி வைப்பது, எந்த முறைப்படி, எந்த ஊரில்? முதியவர்கள் இதைப் பேசத் தயங்குவதில்லை, நாங்கள்தான் பேச்சை மாற்றுகிறோம். அவர் சொல்வதைச் சேரும் நாளிலேயே எழுதி இல்லத்திடம் ஒரு பிரதி கொடுங்கள்.

முறைப்பாடு இருந்தால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையோ முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ சந்திக்கலாம். அதற்கு முன், ஒரு பின்னேரம் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பிளேன்ரீ கொடுக்கும் நேரத்தில் விறாந்தையில் யாராவது கதைத்துக்கொண்டு இருக்கிறார்களா, அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள்.