சரிகைத் தாளுக்கு அடியில்

கையால் செய்த வாழ்த்து அட்டை என்றதும், சேர்த்துவைத்த வண்ணத் தாள்களோடு தனித்து அமர்ந்திருக்கும் ஒருவரே நம் நினைவில் எழுகிறார். வரலாறு காட்டும் சித்திரம் சற்று வேறானது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரில் எழுதுபொருள் கடை நடத்தியவரின் மகள் எஸ்தர் ஹவ்லண்ட் (1828–1904). 1847இல் கல்லூரிப் படிப்பை முடித்துத் திரும்பியவரின் கைக்கு, இங்கிலாந்தில் செய்யப்பட்ட வாலண்டைன் தின வாழ்த்து ஒன்று வந்தது. அதனினும் நன்றாகத் தம்மால் செய்ய இயலும் என்று அவருக்குத் தோன்றியது. தந்தையின் மூலம் சரிகைத் தாளும் பூப்படங்களும் தருவித்துச் சில மாதிரிகள் செய்தார். சகோதரர் அவற்றை விற்பனைப் பயணத்தில் கொண்டுசென்றார். 200 டாலர் அளவுக்கே எதிர்பார்த்திருக்க, 5,000 டாலருக்கு மேல் கேட்பு வந்ததாகச் சொல்வார்கள். 1845இல் அங்கே அஞ்சல் கட்டணம் குறைக்கப்பட்டிருந்ததும் இத்தகைய வணிகத்துக்குத் துணைநின்றது.

தோழியர் அவர் வீட்டு மாடியில் கூடினர். ஒருத்தி படம் வெட்டினாள், மற்றொருத்தி அடித்தாள் அமைத்தாள், இன்னொருத்தி ஒட்டினாள். நாம் தனிமனித அன்பின் அடையாளமாகக் கருதும் அட்டை, அங்கே பலர் பங்கிட்டுச் செய்த பண்டம். 1881இல் ஜார்ஜ் விட்னியிடம் தொழிலை விற்றுவிட்டு, நோயுற்ற தந்தையைப் பேணச் சென்றார் எஸ்தர்.

அவருடைய அட்டைகள் பலவற்றின் பின்புறம் சிவப்பில் ‘எச்’ என்ற எழுத்து இருக்கும். வெட்டி ஒட்டிய பெண்களுக்கு அத்தகைய குறி எதுவுமில்லை. ஆயினும், வெண்சரிகையின் துளைகள் வழியே தெரியும் வண்ணத் துண்டை அங்கே பதித்தவை அவர்களின் விரல்களே.