பட்டத்துக்குப் பின் மருத்துவம்: அமெரிக்க வழக்கமும் அதன் குறுக்கு வழிகளும்

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க விரும்புபவர் முதலில் நான்காண்டு இளங்கலைப் பட்டம் பெறுவது இன்று ஊரறிந்த நடைமுறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படி ஒரு நிபந்தனை இல்லை. அன்றைய மருத்துவப் பள்ளிகளில் பல, மருத்துவர்கள் சிலர் கூடி வருமானத்துக்காக நடத்தியவை. கட்டணம் செலுத்தியவருக்கு இடம் கிடைத்தது. சில மாதங்கள் நீளும் விரிவுரைப் பருவங்கள் இரண்டு. முதல் பருவத்துப் பாடங்களையே இரண்டாவதிலும் கேட்பது வழக்கம். பின்னாளில் வேலூரில் மருத்துவமனை நிறுவிய ஐடா ஸ்கடர், 1895இல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததும் பட்டம் ஏதும் பெறாமல்தான்.

1893இல் பால்டிமோரில் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி இதை மாற்றியது. பெருந்தொகை வழங்கிய மேரி எலிசபெத் காரெட், பெண்களுக்குச் சம இடம் வேண்டும், சேருபவருக்குப் பட்டம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். பிரெஞ்சும் ஜெர்மனும் தெரிந்திருக்கவும் வேண்டும். “நல்லவேளை, பேராசிரியர்களாக வந்துவிட்டோம். மாணவர்களாக நமக்கு இங்கே இடம் கிடைத்திராது” என்று அங்கு பேராசிரியராக இருந்த வில்லியம் ஆஸ்லர் சக பேராசிரியரிடம் வேடிக்கையாகச் சொன்னாராம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 பள்ளிகளை ஆராய்ந்து ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் 1910இல் வெளியிட்ட அறிக்கை பல பள்ளிகளை மூட வைத்தது என்பார்கள். அவரே குறைந்தபட்சமாகக் கேட்டது இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பைத்தான். முழுப் பட்டம் என்ற வழக்கத்தைப் பிற்பாடு வளர்த்ததில் சட்டத்தைவிட இடத்துக்கான போட்டிக்கே பங்கு அதிகம்.

அந்த வழக்கம் வேரூன்றும் முன்பே குறுக்கு வழியும் வந்துவிட்டது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் மூன்றாண்டு கலை, அறிவியல் பாடங்களை முடித்து மருத்துவப் பள்ளிக்குப் போவார். அங்கே கழிந்த முதலாண்டையே நான்காம் கல்லூரி ஆண்டாகக் கணக்கிட்டு இளங்கலைப் பட்டம் தருவார்கள். ஒரே ஆண்டு இரண்டு படிப்புகளிலும் வரவு வைக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு மருத்துவர்கள் அவசரமாகத் தேவைப்பட்டனர். கோடை விடுமுறை கைவிடப்பட்டு, நான்காண்டு மருத்துவப் பாடம் மூன்றாண்டில் முடிக்கப்பட்டது. போர் முடிந்ததும் பழைய வேகம் திரும்பியது. 1961இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் பள்ளி முடித்தவர்களை ஆறாண்டுக் கூட்டுப் படிப்பில் சேர்த்தது. கான்சஸ் சிட்டியில் மிசௌரிப் பல்கலைக்கழகம் 1971இல் அதே வழியில் இறங்கியது. அந்த ஆண்டின் மத்திய அரசுச் சட்டமொன்று மூன்றாண்டு மருத்துவப் படிப்புக்கு ஊக்கத்தொகையும் அளித்தது. மாணவரும் ஆசிரியரும் சோர்ந்தனர். பெரும்பாலான பள்ளிகள் பத்தாண்டுக்குள் நான்காண்டுக்கே திரும்பின.

தனி மாணவர் தாமாகவே முந்திக்கொள்ள வழி செய்தவை, 1950களின் நடுவில் தொடங்கிய அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வுகள். பள்ளியிலேயே கல்லூரி கிரெடிட் சேர்த்தவர் மூன்றாண்டில் பட்டம் வாங்கலாம். சிக்கல் விண்ணப்பக் காலத்தில் இருக்கிறது: சேர்வதற்கு ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இடைவெளியின்றிச் சேர நினைப்பவர் இரண்டாண்டு மதிப்பெண்ணோடு, மருத்துவப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வான எம்கேட்டையும் அதற்குள் எழுதி முடித்து, நான்காண்டு படித்தவரோடு போட்டியிட நேர்கிறது. அதனால் சீக்கிரம் பட்டம் பெறுபவர்களில் பலர், மிச்சமான ஆண்டை ஆய்வகத்திலோ மருத்துவமனைப் பணியிலோ செலவிட்டு, அதன்பின் மருத்துவப் பள்ளியில் சேர்கிறார்கள்.