கொல்லிமலையும் விளக்கெண்ணெயும்

சிவாலயத்தில் திருவிளக்கு இடுதல் சரியைத் தொண்டுகளுள் சிறந்ததொன்று. ஒரு நந்தாவிளக்கின் பொருட்டு 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்ட செய்தியைச் சோழர்காலக் கல்வெட்டுக்கள் பலவிடத்தும் கூறும். ஆட்டு மந்தை ஈயவியலாத எளியோர்க்கு இறைவன் அளித்த செல்வம் எண்ணெய் வித்துக்களாம். அவற்றுள் ஆமணக்கின் நெய்க்கு விளக்கெண்ணெய் என்றே பெயர் வழங்குதல் எண்ணத்தக்கது. மருந்து, கண்மை, வண்டியச்சுக்கு இடும் மை, பருப்பில் வண்டு அணுகாமற் காக்கும் பூச்சு எனப் பயன் பல இருப்பினும், தமிழ்மக்கள் விளக்கின் பெயரையே அதற்கு இட்டனர். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியப் புகைவண்டிகளின் விளக்குக்களும் இவ்வெண்ணெயால் எரிந்தன.

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை, தேவார வைப்புத்தலமாகிய அறப்பள்ளியைத் தன்னகத்தே உடையது. சாமை, கேழ்வரகு, அவரை, துவரை ஆகியவற்றோடு ஆமணக்கையும் ஊடுபயிராக விதைத்தல் இம்மலைவாழ் மக்களின் தொன்று தொட்ட உழவுமுறை. மழை தவறிய ஆண்டிலும் ஆழவேரோடிய ஆமணக்கு கைவிடாது.

எண்ணெய் எடுக்கும் முறை எளிது; உழைப்போ பெரிது. வித்தை இளவறுப்பாக வறுத்து, உரலிலிட்டு இடித்து, நீர் பெய்து கொதிக்க வைப்பர். மேலே மிதக்கும் எண்ணெயை முகந்தெடுத்து, ஈரம் அறும்வரை மீண்டும் காய்ச்சுவர். வித்தின் எடையிற் பாதியளவு எண்ணெய் உண்டு. அவ்வித்தினுள் கொடிய நஞ்சும் உண்டு. அந்நஞ்சு எண்ணெயிற் கலவாது பிண்ணாக்கிலே தங்கும். ஆதலின் அதனை மாட்டுக்கு இடாது நிலத்துக்கு எருவாக்குவர். நஞ்சை விலக்கி ஒளியை நல்கும் இவ்வித்து, நஞ்சைக் கண்டத்தடக்கி உலகுக்கு அருளிய நீலகண்டப் பெருமானின் திருமுன் எரிதற்கு எத்துணை ஏற்புடையது!

மண்ணெண்ணெய் வந்தபின் வீட்டு விளக்கினின்றும் ஆமணக்கு நீங்கிற்று. பின்னர் மரவள்ளி பரவவே, மலையிற் சாமை நிலம் சுருங்கியது. அதனோடு ஊடுபயிரும் குறைந்தது. மரவள்ளியால் கைக்குப் பணம் வந்தமை உண்மை; அதனைக் குறை கூறல் தகாது. எனினும் இரண்டும் ஒருங்கு வாழலாம் என்பதற்குச் சான்றுபோல, சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் இவ்விரு பயிர்க்குமாக ஓர் ஆராய்ச்சி நிலையம் விளங்குகின்றது.

திருவொற்றியூர்க் கலிய நாயனார் செல்வம் குன்றியபின் பிறர் செக்கில் கூலிக்கு உழைத்து விளக்கெரித்தார். அதுவும் இயலாதபோது தம் குருதியையே எண்ணெயாக்கத் துணிந்தார். பெருமான் உவந்தது எண்ணெயின் அளவை அன்று. அதன் பின்நின்ற உழைப்பை. ஆதலின் விளக்குக் கட்டளை அமைக்கும் அன்பர்கள் கடையெண்ணெய்க்குப் பொருள் தருவதோடு அமையாது, மலைநிலத்தில் ஆமணக்கு விதைப்பார்க்குத் தக்க விலை தந்து அவ்வெண்ணெயைக் கொள்வாராயின், ஒரு விளக்கு இரண்டிடத்து ஒளிரும்: ஒன்று கருவறையில், மற்றொன்று உழவர் குடிலில்.

அறப்பளீசுவரர் திருவருள் துணைநிற்பதாக. திருச்சிற்றம்பலம்.