பனி மூடிய ரன்வேயில் விமானம் எப்படி நிற்கிறது? 0 முதல் 6 வரை... உயிர் காக்கும் நம்பர்!

2005 டிசம்பர் 8. அமெரிக்காவின் சிகாகோ மிட்வே விமான நிலையம். கொட்டும் பனியில் தரையிறங்கிய சவுத்வெஸ்ட் போயிங் 737 விமானம், ரன்வேயில் நிற்காமல் வேலியை உடைத்துக்கொண்டு சாலைக்கே வந்துவிட்டது. காரில் இருந்த 6 வயது சிறுவன் உயிரிழந்தான்.

என்ன நடந்தது?

பனியில் டயருக்குப் பிடிமானம் குறைவு. பிரேக் மட்டும் போதாது. இன்ஜின் காற்றை முன்பக்கமாகத் திருப்பி வேகத்தைக் குறைக்கும் 'ரிவர்ஸ் த்ரஸ்ட்' உடனே தேவை. அன்று அது முழுமையாக இயங்கவே சுமார் 18 விநாடிகள் ஆகிவிட்டன. போதாக்குறைக்கு, பின்னாலிருந்து காற்று வேறு தள்ளியது. ரன்வே எப்படி இருக்கிறது என முன்னதாக இறங்கிய விமானிகள் சொன்ன தகவல்களும் ஒரே மாதிரி இல்லை.

இப்போது என்ன மாற்றம்?

'சுமார்', 'மோசம்' என வாய் வார்த்தையை மட்டும் நம்பாமல், ரன்வேயை மூன்று பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நம்பர் தருகிறார்கள். காய்ந்த தரை என்றால் 6, பனிக்கட்டி என்றால் 1, ஈரமான பனிக்கட்டி என்றால் 0. அமெரிக்காவில் 2016 அக்டோபரிலும், சர்வதேச அளவில் 2021 நவம்பரிலும் இந்த முறை வந்தது. இந்த நம்பரை வைத்து, நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என விமானி முன்கூட்டியே கணக்கிடுவார். 0 என்றால் இறங்கவே கூடாது.

மிட்வேயில் ரன்வே முனையில், சக்கரம் ஏறினால் நொறுங்கி விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கான்கிரீட் தளமும் பின்னர் அமைக்கப்பட்டது.

ஆக, பனிக்காலத்தில் விமானம் 'தடால்' என இறங்கினால் பதற வேண்டாம். டயர் தரையைச் சட்டெனப் பிடிக்கத்தான் அது. வேறு ஊருக்குத் திருப்பிவிட்டாலும் கோபம் வேண்டாம். கணக்கு சரிவரவில்லை என்று அர்த்தம்.